கண்ணாடிக் குளம் - 14: முட்டையைத் தின்ற தோசையும் ஊத்தப்பமும்!

போன வாரம் கப்பி மீன்கள் குட்டி போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ''கப்பியெல்லாம் சரிங்க... டிஸ்கஸ் மீனை வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியுமா? அதில் நல்ல காசு வருமாமே?''

முடியும். காசு விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால், எங்கள் வீட்டில் அது நடந்து முடிய இரண்டு வருடம் ஆனது. நடுவில் நாலு முறை முட்டையோ குஞ்சோ கையை விட்டுப் போயின. அந்த நாலுக்கும் காரணம் மீன் இல்லை, நான்தான். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

டிஸ்கஸைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. தட்டு மாதிரி வட்டமாக, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். வளர்ந்தால் உள்ளங்கை அளவு வரும். பிறந்த மண் அமேசான் நதிப் படுகை. வேகமில்லாத, வெதுவெதுப்பான தண்ணீரில், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கும் வேர்களுக்கும் நடுவே புகுந்து வாழ்கிற மீன் என்பதால்தான் உடம்பு இப்படி ஒடுங்கியிருக்கிறது. 1840-ல் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் இதை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தார். பிரேசிலில் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் பார்சிலோஸ் என்று ஓர் ஊர். வண்ணமீன் பிடிப்பதே அங்கே பிழைப்பு. அந்த ஊர்த் திருவிழாவில் ஊரே இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து ஆடுமாம். ஒரு கோஷ்டியின் பெயர் கார்டினல் டெட்ரா, இன்னொரு கோஷ்டியின் பெயர் டிஸ்கஸ்! நம் ஊரில் கிரிக்கெட்டுக்குக் கோஷ்டி பிரிவது போல அங்கே மீனுக்கு.

அமேசான் மீன் பெரம்பூரில் எங்கள் இரண்டாவது மாடிக்கு வந்தது கொளத்தூர் வழியாக. சென்னையில் மீன் வளர்ப்பவர்களுக்குக் கொளத்தூரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரு முழுக்க மீன் கடைகள். மொட்டைமாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி மீன் பெருக்குகிற குடும்பங்கள் அந்தப் பக்கம் ஏராளம். எனக்கு வழக்கமாக மீன் தருகிற அண்ணன் கடையும் அங்கேதான்.

சீட்டுப் பணம் வந்த கையோடு போனேன். ''ஜோடியா குடுங்கண்ணே'' என்றேன். அவர் சிரித்தார்.

''ஜோடின்னு நான் குடுத்தா அது என் ஜோடி. உன் வீட்டுல போய் சண்டை போட்டா என்னைத் திட்டுவே. ஆறு குஞ்சா எடுத்துட்டுப் போ. வளரட்டும். அதுங்களே பாத்துக்கும்.''

இது நல்ல ஆலோசனை. டிஸ்கஸில் ஆண், பெண் அடையாளம் பார்த்துச் சொல்வது கிட்டத்தட்ட இயலாத காரியம். முட்டையிடும் நேரத்தில் வயிற்றுக்கடியில் நீளும் சிறு குழாயை வைத்துத்தான் நிச்சயமாகத் தெரியும். ஆணுக்கு அது கூராக இருக்கும், பெண்ணுக்கு அகலமாக, மழுங்கலாக இருக்கும். அதுவரை எல்லாம் யூகம்தான். எட்டாம் வகுப்பில் இருந்த என் மகன் அன்றே யூகித்து, பெரிய மீனுக்குத் 'தோசை' என்றும், உடம்பில் புள்ளிப் புள்ளியாக இருந்த இன்னொன்றுக்கு 'ஊத்தப்பம்' என்றும் பெயர் வைத்தான். தோசை ஆண், ஊத்தப்பம் பெண் என்பது அவன் தீர்ப்பு. பதினாலு மாதம் கழித்துத் தோசைதான் முட்டை போட்டது.

முதல் முட்டை: தண்ணீர் செய்த வேலை

ஜோடி சேர்ந்தால் தெரிந்துவிடும். ஆறு மீனில் இரண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும. எதிரெதிரே வந்து தலையைத் தாழ்த்திக் கும்பிடுகிற மாதிரி ஒன்று செய்யும். உடம்பு நடுங்கும். அப்புறம் ஏதாவது ஒரு செங்குத்தான இடத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். எங்கள் ஜோடி ஹீட்டரைச் சுத்தம் செய்தது! அவசரமாக இரண்டையும் தனி டேங்குக்கு மாற்றினோம்.

அந்த டேங்க் ஒன்றும் பெரிதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை அடி. அடியில் கல், மணல் எதுவும் கிடையாது. செடி கிடையாது. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், நடுவில் கவிழ்த்து வைத்த நீளமான மண் பூந்தொட்டி. அவ்வளவுதான். வேகமாக இழுக்கிற மோட்டார் ஃபில்டர் வைத்தால் குஞ்சுகள் அதற்குள் போய்விடும். மீன் வளர்ப்பு என்றாலே பச்சைப்பசேல் என்று ஜோடனை செய்ய ஆசைப்படுகிறோம். இந்த டேங்க் பார்க்க ஆஸ்பத்திரி வார்டு மாதிரிதான் இருக்கும். இருக்கட்டும்.

பத்தாம் நாள் சாயங்காலம் தோசை தொட்டியின் பக்கவாட்டில் கீழிருந்து மேலாக மெதுவாக ஏறியது. ஏற ஏற, ஜவ்வரிசியைவிடச் சின்ன முட்டைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தன. பின்னாலேயே ஊத்தப்பம் அதே கோட்டில் ஏறியது. ஒரு மணி நேரத்தில் இருநூறு முட்டைக்குக் குறையாது. வீடே கூடி நின்று பார்த்தோம்.

மூன்றாம் நாள் அத்தனையும் வெள்ளை. பூஞ்சை பிடித்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளையாகிற முட்டை கருவுறாத முட்டை. இரண்டும் பெண்ணாக இருந்தாலும் இப்படி ஆகும். டிஸ்கஸில் இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து மாறி மாறி முட்டை போடுவது உண்டு. ஆனால், எங்கள் வீட்டில் வில்லன் தண்ணீர். அமேசானில் இவை இருக்கும் ஆற்றுத் தண்ணீரில் உப்புகள் ஏறக்குறைய கிடையாது. மழைத் தண்ணீர் மாதிரி மென்மையானது, கொஞ்சம் புளிப்புத் தன்மையும் உண்டு. எங்கள் அபார்ட்மென்ட் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 900 காட்டும். அந்தத் தண்ணீரில் வளர்ந்த மீன் தாக்குப்பிடிக்கும். கடினத் தண்ணீரில் முட்டைதான் கருக்கூடுவதில்லை.

ஆக, ஆர்.ஓ. தண்ணீர். அதில் கொஞ்சம் சாதாரணத் தண்ணீர் கலந்து டி.டி.எஸ். 100-க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். பி.ஹெச். 6-க்கும் 6.5-க்கும் நடுவில். சூடு 28-லிருந்து 30 டிகிரி செல்சியஸ். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், அதாவது 30 லிட்டர்.

இங்கேதான் வீட்டில் முதல் சண்டை. எங்கள் ஆர்.ஓ. மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு குடத்தைக் கழிவாக வெளியே தள்ளும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டபோது, காலிக் குடத்தோடு லாரிக்கு நின்றவர் என் மாமியார். ''மனுசங்க குடிக்க நின்ன ஊர்ல மீனுக்கு மூணு குடமா?'' என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியவில்லை. கழிவுத் தண்ணீர் முழுக்க வீடு துடைக்கவும் பாத்ரூமுக்கும், டேங்கிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீர் மாடித் தோட்டத்துக் கறிவேப்பிலைக்கும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ஒரு பக்கெட் சாக்கடைக்குப் போனாலும் மீன் கொளத்தூருக்குத் திரும்பிவிடும் என்பது நிபந்தனை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடியில் டிரம் வைத்துவிடுவோம். முதல் மழையை விட்டுவிட்டு, மாடி கழுவின பிறகு வருகிற மழையைப் பிடித்தால் ஆர்.ஓ.வே வேண்டாம். நீங்களும் டிஸ்கஸ் ஆரம்பிப்பதாக இருந்தால் மீன் வாங்கும் முன் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். அது ஒத்துவராவிட்டால் கப்பியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

டார்ச் அடித்த பாவம்

இரண்டாவது முட்டை நன்றாக இருந்தது. மறுநாள் பழுப்பு நிறத்தில் பளபளவென்று நின்றன. ஒன்றரை நாளில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கறுப்பாக ஒரு பொட்டு. உயிர்! குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டேன். கோயமுத்தூர் நாத்தனார் வீடியோ கேட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு மொபைல் டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்து அனுப்பினேன். இருபத்தியேழு லைக்.

காலையில் பூந்தொட்டி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு முட்டை இல்லை. தோசையும் ஊத்தப்பமும் ஒன்றும் தெரியாதது போல மூலையில் நின்றன.

பன்னிரண்டு நாள் கழித்து மூன்றாவது முட்டை. மறுபடியும் இரண்டாம் நாள் இரவு காலி. என் மகன் அன்று டிபன் சாப்பிடாமல் ஸ்கூலுக்குப் போனான். ''ஏம்மா, பெத்த குழந்தையையே திங்குமா?'' என்று கேட்டதோடு சரி, அப்புறம் அந்த டேங்க் பக்கமே அவன் வரவில்லை.

கொளத்தூர் அண்ணனுக்கு போன் போட்டேன். ''சில ஜோடி அப்படித்தாம்மா. பழகிடுச்சுன்னா விடாது. கொண்டாந்து குடு, வேற ஜோடி மாத்தித் தரேன். இல்லைன்னா முட்டையைத் தொட்டியோட தூக்கி வேற டப்பாவுல வெச்சு நீயே பொரிச்சுக்கோ'' என்றார்.

இரண்டாவது வழியும் உண்மையில் உண்டு. தொழிலாகச் செய்கிற சிலர் முட்டையைத் தனியே எடுத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் புளூ விட்டு, பொரித்த குஞ்சுக்கு முட்டை மஞ்சள்கருவைப் பசையாக்கிக் கிண்ணத்தின் ஓரத்தில் தடவி வளர்க்கிறார்கள். ஒரு நாளைக்குப் பல முறை தீவனம், ஒவ்வொரு முறையும் தண்ணீர் மாற்றம். மனிதர் தூங்கவே முடியாது. ஜோடியை மாற்றிவிடலாம் என்று நான் முடிவே செய்துவிட்டேன். சனிக்கிழமை கொண்டுபோகலாம் என்று பாலித்தீன் பைகூட எடுத்து வைத்தாயிற்று.

அன்றைக்கு டேங்க் முன்னால் சேர் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

''உன் புருஷனை நான் பெத்தப்போ எங்கம்மா வாசல்ல வேப்பிலை சொருகி, பத்து நாளைக்கு ஒருத்தரையும் உள்ள விடலை. நீ என்னடான்னா அர்த்தராத்திரியில அதும் மூஞ்சியில டார்ச் அடிக்கிற. எதுக்குத்தான் பயம் வராது? யாரோ வந்து தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி நாமளே முழுங்கிடலாம்னு நினைச்சிருக்கும்.''

எனக்குச் சுரீரென்றது. அவர் சொன்னது வெறும் பாட்டிக் கதை இல்லை. முட்டை காக்கும் டிஸ்கஸ் ஜோடி மிரண்டால் முட்டையைத் தின்னும். திடீர் வெளிச்சம், கண்ணாடியைத் தட்டுதல், முன்னால் ஆள் நடமாட்டம், பக்கத்து டேங்க் மீனின் நிழல்... எல்லாமே அதற்கு ஆபத்து வருகிறது என்ற செய்திதான். அதோடு முதல் சில ஈடுகளைத் தின்பது இளம் ஜோடிகளில் சாதாரணம். மீன் பழகுவதற்கு முன்பே நாம் பொறுமை இழந்துவிடுகிறோம்.

பாலித்தீன் பையை மடித்து உள்ளே வைத்தேன். மாமியாரின் பழைய சுங்குடிப் புடவையால் டேங்கின் மூன்று பக்கத்தையும் மறைத்தோம். முன்பக்கம் மட்டும் பாதி திறந்திருக்கும். எதிரில் யாரும் போகக் கூடாது, போட்டோ கிடையாது. இரவு முழுக்க ஓரமாக ஒரு சின்ன ஜீரோ வாட் பல்பு மட்டும் எரியும். டேங்க் ஸ்டாண்டில் யாரோ ஒரு கொத்து வேப்பிலையும் சொருகியிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

தோலே பால்

நாலாவது முட்டை. இரண்டரை நாளில் பொரிந்தன. பொரித்ததும் குஞ்சு நீந்தாது. தலை தொட்டியில் ஒட்டியிருக்க, வால் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தொட்டிக்கு மயிர்க்கூச்செறிந்த மாதிரி இருக்கும். விழுகிற குஞ்சை அப்பாவோ அம்மாவோ வாயில் கவ்வி எடுத்து மறுபடி தொட்டியில் துப்பும். இதைப் பார்த்துத் 'தின்கிறது' என்று பதறி, கையை விட்டுவிடாதீர்கள்.

முட்டையிட்டதிலிருந்து ஐந்தாம் நாள் வாக்கில் குஞ்சுகள் நீந்த ஆரம்பிக்கும். டிஸ்கஸைக் கொண்டாடுவதற்கான காரணமே அப்போதுதான் தெரியும். குஞ்சுகள் தீனி தேடி எங்கும் போவதில்லை. நேராக அம்மா, அப்பாவின் உடம்பில் போய் மொய்க்கும். பெரிய மீனின் தோலில் சுரக்கிற வழவழப்பைத்தான் அவை கொத்திச் சாப்பிடுகின்றன. பாலூட்டிகளைப் போல மீன் 'பால்' கொடுக்கிறது. அம்மா மட்டுமல்ல, அப்பாவும்!

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த வழவழப்பை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். முட்டையிட்ட சமயத்திலேயே அதில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடிவிடுகின்றன. குஞ்சு கைக்கொள்ளும் முன்பே சாப்பாடு தயார். முதல் இரண்டு வாரம் பெற்றோர் குஞ்சுகளை விட்டு நகர்வதே இல்லை. மூன்றாவது வாரத்தில் கொஞ்ச நேரம் விலகி நீந்துகின்றன, அப்புறம் அந்த நேரம் கூடிக்கொண்டே போகிறது. வழவழப்பின் சத்தும் அதே சமயத்தில் குறைகிறது. நாம் குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதுபோலத்தான். வேப்பெண்ணெய் தடவுவதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

இன்னொரு கூத்து. தோசையின் உடம்பில் குஞ்சுகள் ஐந்தாறு நிமிடம் மொய்த்த பிறகு, அது ஊத்தப்பத்தின் பக்கத்தில் போய் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பும். மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் தாவும். 'இப்ப உன் முறை, பிடி' என்று கைமாற்றுகிற மாதிரியே இருக்கும். ''பாருடா, மீனுக்குத் தெரியுது'' என்று மாமியார் தன் மகனைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

குஞ்சுகள் மொய்க்கும் காலத்தில் பெரிய மீன்கள் நிறம் கருத்துவிடும். அந்தக் கறுப்புதான் குஞ்சுக்கு அடையாளம். 'பிஜன் பிளட்' என்று செக்கச்செவேலென்று விற்கிற ரகம் அப்படிக் கருக்க முடியாது. அதனால் அதன் குஞ்சுகள் சில சமயம் அம்மாவை விட்டுவிட்டுக் கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மொய்த்துக்கொண்டு பட்டினியாகச் சாகும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்த ரகத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். எங்களுடையவை நீலக்கோடு ஓடிய டர்க்காய்ஸ் ரகம்.

புடவை ஓரமாக எட்டிப் பார்க்க என் மகன் மறுபடி வந்தான். மூச்சுவிடாமல் நின்றான்.

அந்த ஒரு இரவு

குஞ்சுகள் நீந்த ஆரம்பித்து மூன்றாம் நாள். சித்திரை மாதம். நள்ளிரவு ஒன்றே முக்காலுக்கு கரன்ட் போனது. இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. டேங்கின் ஏர் பம்ப் பேட்டரியில் தானாக மாறிக்கொள்ளும். அதை யோசித்து வாங்கியிருந்தேன். ஜீரோ வாட் பல்பு மட்டும் சாதாரண பிளக்கில் இருந்தது. நினைத்தால் இரண்டு நிமிடத்தில் இன்வெர்ட்டர் பிளக்குக்கு மாற்றியிருக்கலாம். அங்கே என் மொபைல் சார்ஜர் இருந்தது.

இருட்டில் குஞ்சுகளுக்கு அம்மாவின் உடம்பு தெரியாது. சிதறி அடியில் விழுந்துவிடும். மூன்றரைக்குக் கரன்ட் வந்தபோது, அணைக்க மறந்திருந்த ஹால் டியூப்லைட் பளீரென்று எரிந்திருக்கிறது. பெரிய மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதிய சத்தத்தில்தான் எழுந்தேன். நூற்றுக்கு மேல் இருந்த குஞ்சில் விடியும்போது பத்துப் பன்னிரண்டு மிச்சம். அவையும் திரும்ப ஒட்டவில்லை. இரண்டு நாளில் டேங்க் காலி.

என் மகன் அழவில்லை. டேங்க் பக்கம் போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தான். என் சார்ஜரைப் பிடுங்கி மேஜையில் வைத்தான். பல்பின் பிளக்கை அங்கே சொருகினான். ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டான். அதைவிட அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

டிஸ்கஸ் வளர்ப்புக் குறிப்புகளில் ஹீட்டர், பி.ஹெச்., தீவனம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். இரவு விளக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை நான் தாண்டிப் படித்திருந்தேன்.

ஐம்பத்து மூன்று

ஐந்தாவது முட்டை மூன்று வாரம் கழித்து வந்தது. நடுவில் ஜோடிக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும். டிஸ்கஸுக்கு மாட்டு இதயம் அரைத்துப் போடுவது வெளிநாடுகளிலும் இங்கேயும் பழைய வழக்கம். நாங்கள் இறால், கொஞ்சம் கீரை, ஒரு பல் பூண்டு சேர்த்து அரைத்து, ஃப்ரீசரில் தகடாக உறைய வைத்து, உடைத்து உடைத்துப் போடுகிறோம். மலிவாகக் கிடைக்கிறதென்று சாக்கடையில் அள்ளுகிற டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் உயிரோடு போடாதீர்கள். நோய் கூடவே வரும்.

இந்த முறை குஞ்சுகள் நீந்தியதும் டேங்க் தண்ணீரைப் பாதிக்குக் குறைத்தோம். இடம் சின்னதானால் குஞ்சுக்கு அம்மாவைக் கண்டுபிடிப்பது சுலபம். புதுத் தண்ணீரை மெல்லிய ஏர் டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டோம். முதல் நாலைந்து நாள் வெளித்தீனி எதுவும் இல்லை. பெற்றோரின் தோல் மட்டும்தான்.

அப்புறம் ஆர்ட்டீமியா. மீன் கடையில் காபித்தூள் மாதிரி டப்பாவில் முட்டையாகவே விற்பார்கள். ஒரு லிட்டர் பெட் பாட்டிலில் தண்ணீர், அதில் 25 கிராம் கல் உப்பு, கால் ஸ்பூன் முட்டை, விடாமல் கொப்புளிக்க ஏர் பம்ப். ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறத்தில் குஞ்சு இறால்கள் கீழே சேரும். அவற்றை மட்டும் டியூப் வைத்து இழுத்து, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும். பொரிந்து நேரமாகிவிட்டால் சத்து போய்விடும் என்பதால் தினம் ஒரு பாட்டில் புதிதாக. சமையல் மேடையில் இட்லி மாவுக்கும் காபி டிகாக்‌ஷனுக்கும் நடுவே கலங்கலாக ஒரு பாட்டில் கொப்புளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வந்த விருந்தாளிகள் யாரும் காபி கேட்கவில்லை.

தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். அதுதான் நமக்கு அத்தாட்சி. இரண்டாவது வாரம் குச்சி மாதிரி இருந்த உடம்பு வட்டமாக மாற ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் தோசையின் உடம்பில் அங்கங்கே புண் மாதிரி தெரிந்தது. குஞ்சுகள் வளர வளர கொத்தும் பலமாகத்தானே இருக்கும். ஆய்வில் சொன்ன மாதிரியே இரண்டும் விலகி விலகி நீந்தின. குஞ்சுகள் துரத்தின. நாலாவது வாரம் குஞ்சுகளைத் தனி டேங்குக்கு மாற்றினோம். மகன் இரண்டு முறை எண்ணினான். ஐம்பத்து மூன்று.

இப்போது காசுக் கணக்கு. இரண்டு மாதத்தில் இரண்டு அங்குலம் வந்ததும், பதினைந்தை வீட்டில் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டைக் கொளத்தூருக்குக் கொண்டுபோனேன். ஒன்றுக்கு 120 ரூபாய் கொடுத்தார் அண்ணன். 4,560 ரூபாய். ஆறு மீன் வாங்கியதே 4,200. டேங்க், ஹீட்டர், ஆர்ட்டீமியா டப்பா, ஆர்.ஓ. சர்வீஸ், இரண்டு வருடக் கரன்ட் பில் எல்லாம் தனி. பத்துப் பதினைந்து டேங்க், ஐந்தாறு ஜோடி என்று முழு நேரமாக இறங்குகிறவர்களுக்கு லாபம் இருக்கிறது, கொளத்தூரே அதற்குச் சாட்சி. வீட்டில் ஒரு ஜோடி வைத்துக்கொண்டு வேலையை விடலாமா என்று கேட்டு மெயில் போட்ட ஆவடி தம்பிக்கு மட்டும் சொல்கிறேன்: விடாதீங்க தம்பி.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அண்ணன் மெதுவாகக் கேட்டார். ''அந்த ஜோடியை எனக்கே குடுத்துடேம்மா. குஞ்சு வளர்க்கிற ஜோடி லேசுல கிடைக்காது. பன்னிரண்டாயிரம் தரேன்.''

மாற்றித் தருகிறேன் என்று சொன்ன அதே ஜோடிதான்! நான் வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த மகன் சொன்னான், ''பாட்டிகிட்ட நீங்களே வந்து கேளுங்கண்ணே.''

அவர் இன்னும் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சுங்குடிப் புடவை மறுபடி கட்டியாகிவிட்டது. உள்ளே ஆறாவது முட்டை. தயவுசெய்து யாரும் போட்டோ கேட்காதீர்கள்.

(நீந்துவோம்...)

அடுத்த வாரம்: மழைக்காலத்தில் டேங்க் தண்ணீர் கலங்கினால் என்ன செய்வது?